சொன்னவருக்கு வாசித்துக் காட்டுவோம்

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகம் நாளிதழில் என்றைக்கெல்லாம் வரும் என்பது நம் வாசகர்களுக்கு மனப்பாடம். ஏப்ரல் 15-இல் தடைக்காலம் தொடங்கும். கட்டிப்போட்ட விசைப்படகுகளின் படம் வரும். 61 நாள் கழித்து அதே படகுகள் கடலுக்குக் கிளம்பும்; இன்னொரு படம் வரும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் எத்தனையாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்று இரண்டு வரி வரும். சுருக்குமடி வலையால் ஊர்களுக்குள் மோதல் என்றால் முதல் பக்கத்துக்கே போகும். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வலையை வாரம் இரண்டு நாள், கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் மட்டும் பயன்படுத்தலாம் என்று இடைக்கால அனுமதி தந்தபோதும் பெரிய செய்தியானது. அந்தச் செய்திகளில் படகுக்காரர் பேசினார், அதிகாரி பேசினார். வலையில் ஏறும் பொடி மீன் குறைந்தால் கருவாடு போடுகிறவர் என்ன செய்வார் என்று கேட்டு எழுதியவர்கள் மிகச் சிலர்.

அந்தச் சிலரைப் பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும். பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய ‘பாரி’ இணைய இதழில் நித்யா ராவ் முதுநகர்த் துறைமுகத்துப் பெண்களைப் பற்றி எழுதினார், எம். பழனிகுமார் படம் எடுத்தார். ஏலம் கூறுகிறவர், மீன் வெட்டித் தருகிறவர், கருவாடு போடுகிறவர் என்று அந்தத் துறைமுகத்துப் பெண்களுக்குள் பல படிகள் உண்டு. அவற்றின் கடைசிப் படியில் இருக்கும் ஒரு மூதாட்டியின் பிழைப்பே ஒரு கட்டுரையின் பொருள். மற்றவர்கள் வெட்டி ஒதுக்கும் செதிலையும் குடலையும் இறால் ஓட்டையும் அள்ளி, காயவைத்து, கோழித் தீவனத்துக்கு விற்றுப் பிழைப்பவர் அவர். நம்மில் எத்தனையோ பேர் மீன் வாங்கிக்கொண்டு அவரைத் தாண்டி வந்திருப்போம். பழனிகுமாரின் அம்மா மதுரையில் மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். அந்தப் படங்களில் கூடை எந்த உயரத்தில் இருக்கிறது, சுமப்பவரின் கழுத்து எப்படி நிற்கிறது என்பதெல்லாம் கவனமாகப் பதிவாகியிருப்பது தற்செயல் அல்ல.

கதைக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் இது. புதுமைப்பித்தன் 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். ஜெயகாந்தன் 1934-இல் மஞ்சக்குப்பத்தில். விருத்தாசலம் பக்கத்து மண்ணை இமையம் முப்பது ஆண்டுகளாக நாவலாகவும் சிறுகதையாகவும் எழுதிவருகிறார். ஆனால் நடந்ததை நடந்தபடி, ஆளைத் தேடிப் போய், பல நாள் கூட இருந்து எழுதும் நீள்கட்டுரை இங்கே வேர் பிடிக்கவில்லை. புனைகதையில் வந்துவிட்டதே, போதாதா என்று கேட்பவர்களுக்கு ராஜாக்கண்ணு வழக்கைத்தான் காட்ட வேண்டும்.

1993 மார்ச்சில் முதனை கிராமத்து ராஜாக்கண்ணுவைத் திருட்டு வழக்கு ஒன்றில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். தப்பி ஓடிவிட்டான் என்றது போலீஸ். அவர் மனைவி அதை நம்பவில்லை. வழக்கறிஞராக இருந்த கே. சந்துருவின் மூலம் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். அடுத்த மாவட்ட எல்லையில் கிடந்த அடையாளம் தெரியாத சடலம் யாருடையது என்பது அதன் பிறகுதான் வெளியே வந்தது. போலீஸ்காரர்களுக்குத் தண்டனை உறுதியானது 2006-இல். 2021-இல் ‘ஜெய் பீம்’ வெளிவந்தது. நல்ல படம்; அது இந்த வழக்கை நாடறியச் செய்ததை நாம் மறுக்கவில்லை. ஆனால் குறவர் சமூகத்தைச் சேர்ந்த அந்தக் குடும்பம் படத்தில் இருளர் ஆனது. மனைவியின் பெயர் மாறியது. சினிமாவுக்கு அந்த உரிமை உண்டு. படம் ஓடிய பிறகுதான் நிருபர்கள் பலரும் அந்த அம்மாவின் வாசலைத் தேடிப் போனார்கள் என்பதுதான் நமக்கு உறுத்த வேண்டியது. நடுவில் 28 ஆண்டுகள் போய்விட்டன. நாம் எழுதி வைத்திருந்தால் அவர் யார், எந்தச் சமூகம், எப்படிப் போராடினார் என்பதெல்லாம் படத்துக்கு முன்பே ஊருக்குத் தெரிந்திருக்கும்.

எழுத ஆள் இல்லை என்பதும் உண்மை அல்ல. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டையை பஸ்ஸில் கடந்தவர் எல்லோரும் ஒரு முறையாவது மூக்கைப் பொத்தியிருப்பார்கள். 2004-இல் அந்தச் சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள், நித்தியானந்த் ஜெயராமன் போன்ற சூழலியல் செயற்பாட்டாளர்களின் துணையோடு, அந்த நாற்றத்தைக் குறித்துவைக்கத் தொடங்கினார்கள். எந்த நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து, எந்தத் தொழிற்சாலை அருகில், வாடை எதைப் போல, உடம்புக்கு என்ன செய்தது என்று எழுதினார்கள். அழுகிய முட்டைக்கோஸ், நகப்பூச்சு, பிண வாடை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடையாளம் வைத்தார்கள். வாளியில் பிளாஸ்டிக் பை பொருத்திக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கும் அனுப்பினார்கள்; நச்சு வேதிப்பொருள்கள் இருப்பது நிரூபணமானது. நிருபர் பயிற்சி எதுவும் இல்லாதவர்கள், மூக்கையும் நோட்டையும் வைத்து, எந்தப் பத்திரிகைக்கும் குறையாத வேலையைச் செய்தார்கள். ‘காற்று மாசு மக்கள் அவதி’ என்ற தலைப்பை ஆண்டுக்கணக்காகப் படித்தும் அசையாதவர்கள், இந்த நேரம் இந்த வீட்டில் பிண வாடை என்று படித்தால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இப்படி நுணுக்கமாகப் பார்க்காவிட்டால் சிலர் கணக்கிலேயே வர மாட்டார்கள். சுனாமியில் இந்த மாவட்டம் 600-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தது. போன படகு எத்தனை, போன வலை எத்தனை என்று நிவாரணம் கணக்கெடுத்தது. பிச்சாவரம், கிள்ளைப் பக்கத்து இருளர் பெண்கள் கழுத்தளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்திருப்பார்கள். இழந்ததாகக் காட்ட அவர்களிடம் படகும் இல்லை, வலையும் இல்லை.

இனி, எப்படி எழுதுவது என்ற கேள்வி. பெலாரஸ் எழுத்தாளர் ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் சாதாரண மக்களின் வாய்மொழியைத் தொகுத்தே 2015-இல் நோபல் பரிசு பெற்றவர். ஆப்கான் போரில் பிள்ளைகளை இழந்த தாய்மாரும் திரும்பி வந்த சிப்பாய்களும் பேசும் அவருடைய நூலுக்கு எதிராக, பேசியவர்களில் சிலரே 1990-களின் தொடக்கத்தில் மின்ஸ்க் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நாங்கள் சொன்னதை மாற்றிவிட்டார் என்பது அவர்கள் புகார். பின்னால் இருந்து ராணுவம் தூண்டியது என்று எழுத்தாளர் தரப்பு சொன்னது. இருக்கலாம். ஆனாலும் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், அச்சில் இருப்பது என் பேச்சு அல்ல என்று சொல்லும்போது அதைத் தள்ளிவிட்டுப் போக நமக்கு மனம் வரவில்லை. பிந்தைய பதிப்புகளில் அந்த வழக்கின் ஆவணங்களையும் அலெக்ஸியேவிச் சேர்த்து அச்சிட்டார். அதை நாம் மதிக்கிறோம்.

நம் பத்திரிகையில் அடுத்த இதழிலிருந்து ஒவ்வொரு இதழிலும் ஒரு மனிதரின் வாழ்க்கை, தேவைப்பட்டால் பாதி இதழை எடுத்துக்கொண்டு வரும். அந்தத் தாயின் புகார் இங்கே எழாதிருக்க, அச்சுக்குப் போகும் முன் கட்டுரை முழுவதையும் எழுதியவர் அந்த மனிதருக்கு உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்த தேதி கட்டுரையின் அடியில் வரும். அவர் வேண்டாம் என்று சொல்லும் சொந்த விஷயங்களை நீக்கிவிடுவோம். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, பட்டா, தீர்ப்பு என்று எது கிடைத்தாலும் அவர் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். முரண் இருந்தால் அதையும் எழுதுவோம். அதிகாரிக்கும் ஆலை நிர்வாகத்துக்கும் இந்த வாசிப்பு கிடையாது. அவர்கள் பதிலைக் கேட்டு வாங்கிப் போடுவோம், அவ்வளவே. எழுதத் தெரியாதவர் சொல்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதினால் இருவர் பெயரிலும் கட்டுரை வரும். பெயரை வெளியிட்டால் ஊரில் இருக்க முடியாது என்பவரின் பெயரையும் அவரைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களையும் விட்டுவிடுவோம். அவற்றின் இடத்தில் வேறொன்றைக் கற்பனையாகப் போட மாட்டோம்.