பார்த்தீனியமும் மூக்கழற்சியும்: மைசூரு வட்டாரக் கிராமங்களுக்கு எட்டாத எளிய மருத்துவம்

மைசூரு: பார்த்தீனியம் விழிப்புணர்வு வாரம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை நாடெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. ஜபல்பூரிலுள்ள களை ஆராய்ச்சி இயக்ககம் முன்னெடுக்கும் இந்நிகழ்வில் பயிர் இழப்பே முதன்மை பெறுகிறது. அச்செடியின் மகரந்தத்தால் தொடர் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு ஆகியவற்றுடன் வாழ்வோருக்கு எத்தகைய மருத்துவம் கிடைக்கிறது என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

கர்நாடகத்தில் இக்கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 1950-களில் புணேயில் கண்டறியப்பட்ட பார்த்தீனியம் சில ஆண்டுகளிலேயே தக்காணம் முழுவதும் பரவியது. 1968-ஆம் ஆண்டு வேளாண் பூச்சிகள் மற்றும் நோய்கள் சட்டத்தின் கீழ் கர்நாடகம் 1975-இல் இதைத் தீங்கு விளைவிக்கும் களையாக அறிவித்தது. மெக்சிகோவிலிருந்து தருவிக்கப்பட்ட வண்டுகள் 1984-இல் பெங்களூரில் இதற்கு எதிராக விடப்பட்டன. ஒரே செடி பல்லாயிரம் விதைகளை உதிர்ப்பதால் சட்டமும் வண்டும் இதை முழுமையாக ஒழிக்கவில்லை. மூக்கு, மூச்சுக்குழல் ஒவ்வாமை உள்ளவர்களிடம் நடத்தப்பட்டு 1991-இல் வெளியான பெங்களூரு ஆய்வு ஒன்றில், மூக்கழற்சி நோயாளிகளில் 34 விழுக்காட்டினரும் ஆஸ்துமா நோயாளிகளில் 12 விழுக்காட்டினரும் பார்த்தீனிய மகரந்தத்திற்குத் தோல் சோதனையில் எதிர்வினை காட்டினர்.

இக்களை நகரத்துக்கு மட்டும் உரியதன்று. தமிழ் பேசும் கத்தோலிக்கர்கள் பெருமளவில் வாழும் மார்டள்ளி, மைசூரு மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. 1997-இல் சாமராஜநகர் மாவட்டம் உருவாகும் வரை இப்பகுதி மைசூரு மாவட்டத்தில் இருந்தது. எல்லைகள் மாறியபோதும் பெரிய மருத்துவத்திற்கு மைசூருவையே நம்பியிருக்கும் நிலை மாறவில்லை. 2018 டிசம்பரில், அருகிலுள்ள சுளுவாடி கோயில் பிரசாதத்தில் நஞ்சு கலந்திருந்தபோது, பாதிக்கப்பட்டோர் நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள மைசூரு மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். உயிருக்கே ஆபத்தான வேளையில் அவ்வளவு தொலைவு என்றால், தும்மலுக்காக ஒருவர் நாள்கூலியை இழந்து மைசூருவுக்குச் செல்வார் என எதிர்பார்க்க இயலாது. ஆகவே இந்நோய்க்கான மருத்துவம் ஊருக்கு அருகிலேயே கிடைத்தாக வேண்டும்.

அது கிடைக்கக்கூடிய ஒன்றே. தொடர்ந்து நீடிக்கும் ஒவ்வாமை மூக்கழற்சிக்கு மிகுந்த பயன் தருவது மூக்கில் தெளிக்கும் ஸ்டீராய்டு மருந்து என்பதில் மருத்துவ வழிகாட்டுதல்கள் ஒத்த கருத்தைக் கொண்டுள்ளன. 2022-ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் பியூடெசோனைடு மூக்குத் தெளிப்பான் இடம்பெற்றுள்ளது. ஆனால் பட்டியலில் இருப்பது வேறு, கிராமத்து மருந்து அலமாரியில் இருப்பது வேறு. ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சுவோர் பலர். உரிய அளவில் தெளிக்கப்படும்போது இம்மருந்து பெரும்பாலும் மூக்கிலேயே செயல்படுகிறது. உடலுக்குள் செல்வது சொற்பம். முழுப் பயன் தெரிய சில நாள்கள் முதல் இரண்டு வாரங்கள் வரை ஆகும். இரண்டாம் நாளே பயனில்லை எனக் கைவிடுவோர் அதிகம். தெளிக்கும்போது குழாயின் முனை மூக்கின் நடுச்சுவரை நோக்கி இராமல், அதே பக்கத்துக் காதின் திசையில் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். இந்த ஒரு நிமிட விளக்கம் அளிக்கப்படாததால் மூக்கில் இரத்தம் கசிந்து மருந்தை நிறுத்துவோரும் உண்டு.

இதற்கு மாறாக, மருந்துக் கடைகளில் எளிதில் கைக்கு வருபவை வேறு. குளோர்பெனிரமின் போன்ற பழைய மாத்திரைகள் தூக்கத்தை வரவழைப்பவை. வண்டி ஓட்டுவோருக்கும் தேர்வு எழுதும் மாணவர்களுக்கும் அவை ஏற்றவையல்ல. செட்டிரிசின், லோரட்டடின், ஃபெக்ஸோஃபெனடின் ஆகியவற்றில் இக்குறை குறைவு. சைலோமெட்டசோலின் சொட்டு மருந்து நொடியில் அடைப்பை நீக்கினாலும், ஐந்து நாள்களுக்கு மேல் பயன்படுத்தினால் அதுவே அடைப்பை உண்டாக்கும். மாண்டெலுகாஸ்ட் மாத்திரையின் மனநலப் பக்கவிளைவுகள் குறித்து அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2020-இல் தனது மிகக் கடுமையான எச்சரிக்கையை விடுத்தது. எல்லாவற்றையும் ‘சைனஸ்’ என்று அழைத்து ஆன்டிபயாட்டிக் வாங்கி உண்ணும் வழக்கம் இவற்றினும் பயனற்றது. ஒவ்வாமை கிருமித்தொற்று அன்று.

மருந்தில்லா வழிகளில் கொதித்து ஆறிய நீரில் கலந்த உப்புக் கரைசலால் மூக்கைக் கழுவுவது செலவற்றது. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, கையுறையும் முகக்கவசமும் அணிந்து பிடுங்குவது நல்லது. பூத்த பின் பிடுங்குபவர் மகரந்தத்தையும் சேர்த்தே சுவாசிக்கிறார். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர்கள் இவ்வேலையைப் பிறரிடம் விட்டுவிடலாம்.

மூக்கழற்சியைப் புறக்கணிப்பதன் விலை மூக்கோடு நிற்பதில்லை. ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மூக்கு ஒவ்வாமையும் உள்ளது. அதைக் கட்டுப்படுத்தாத வரை மூச்சிரைப்பைக் கட்டுப்படுத்துவதும் கடினம்.

மைசூரு வரை செல்ல வேண்டியவர்கள் சிலரே. இரவில் இருமலோ மூச்சிரைப்போ உள்ளவர்கள், ஒரு பக்கம் மட்டும் அடைப்பு அல்லது இரத்தக்கசிவு உள்ளவர்கள், தெளிப்பானை முறையாகப் பயன்படுத்தியும் குணம் காணாதவர்கள் ஆகியோருக்குச் சிறப்பு மருத்துவரின் பரிசோதனை அவசியம். லெனார்டு நூன் 1911-இல் புல் மகரந்தத்தைக் கொண்டு அறிமுகப்படுத்திய ஒவ்வாமைத் தடுப்பூசி முறை இன்றும் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு அளிக்கப்படுகிறது. ஆனால் அது ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தொடர வேண்டியது. அவ்வளவு காலமும் பேருந்துக் கட்டணத்தையும் கூலியிழப்பையும் தாங்க இயலுமா என்பதை நோயாளியிடம் முதலிலேயே கேட்டறிந்து சிகிச்சையைத் தொடங்குவது மருத்துவரின் பொறுப்பாகும்.