யுத்தத்தில் செத்த கூலிக்குக் கல் எங்கே?

புலியோடு மல்லுக்கட்டி மாண்டவனுக்கும் நம் கொங்கு நாட்டார் புலிகுத்திக் கல் நட்டார்கள். யுத்தத்தில் மாண்ட கூலிக்காரனுக்கு என்ன செய்தோம்?

1942-43ல் ஜப்பானிய ராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோ மீட்டர் ரயில் பாதை போட்டது. யுத்தக் கைதிகளைவிட அதிகமாக அங்கே மண் வெட்டியவர்கள் ஆசியக் கூலிகள். மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஏய்த்தும் பிடித்தும் கொண்டுபோகப்பட்ட தமிழர் அவர்களில் ஏராளம். காலராவும் பட்டினியும் அவர்களை வாரிக்கொண்டு போயின. காஞ்சனபுரியில் சுமார் 7,000 சிப்பாய்களுக்கு வரிசை வரிசையாகக் கல்லறை. பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு. தமிழனைக் குழியில் தள்ளி மூடினார்கள். துப்பாக்கி பிடித்தவன் பெயர் கல்லில், மண்வெட்டி பிடித்தவன் பெயர் கங்காணி கணக்கில்கூட இல்லை!

80 வருஷம் கழித்து, 2023 மே தினத்தன்று, அங்கே தமிழருக்கு ஒரு நடுகல் திறக்கப்பட்டது. நல்ல காரியந்தான். ஆனால் அவர்களைப் பெற்ற ஊர்கள் இங்கேயல்லவா இருக்கின்றன?

சோமனூர்த் தோழர்களே! தறிக்கூடத்திலும் களத்துமேட்டிலும் விசாரியுங்கள். “மலேயாவுக்குப் போன பெரியப்பன் திரும்பவேயில்லை” என்று சொல்லும் ஆத்தா யாராவது இருந்தால் அந்தப் பெயரை எழுதி வையுங்கள். ஊர்ப் பொது இடத்தில் கல் நடப் பஞ்சாயத்தைக் கேளுங்கள். பட்டாளத்தில் மாண்டவன் பெயரும் அதே கல்லில், அதே அளவு எழுத்தில் இருக்கட்டும். சாதி பார்த்து வரிசை வைக்க மட்டும் விடாதீர்கள்.