மெயில் முகவரிக்குள் ஒளிந்த கட்டளை: எக்ஸிம் சர்வர் ஓட்டை எவ்வளவு ஆபத்தானது?

மெயிலில் 'யாருக்கு' என்ற இடத்தில் முகவரிதானே இருக்கும்? அங்கே கம்ப்யூட்டருக்கான கட்டளையை நுழைத்து அனுப்பினால், சர்வர் அதை அப்படியே நிறைவேற்றிவிடும். எக்ஸிம் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் 2019 ஜூனில் குவாலிஸ் நிறுவனம் வெளிப்படுத்திய ஓட்டை இதுதான்.

கட்டளை ஓடுவது 'ரூட்' அதிகாரத்தில். அதாவது, பாஸ்வேர்டே இல்லாமல் மொத்த சர்வரும் தாக்குபவர் கைக்குப் போய்விடும். மெயில்களைப் படிக்கலாம், அழிக்கலாம். 4.87 முதல் 4.91 வரையிலான பதிப்புகளில்தான் சிக்கல். வழக்கமான செட்டிங்கில் உள்ள சர்வரை வெளியிலிருந்து தாக்க, இணைப்பு அறுந்துவிடாமல் சில நிமிடத்துக்கு ஒரு பைட் வீதம் 7 நாள் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அசாத்தியப் பொறுமை வேண்டும்! செட்டிங் மாறியிருந்தால் அதுகூடத் தேவையில்லை.

கடுப்பேற்றும் விஷயம் வேறு. ஓட்டையை அடைத்த 4.92 பதிப்பு பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. ஆனால், அது பாதுகாப்புப் பிரச்சினை என்று அப்போது அடையாளம் காணப்படவில்லை. பெரும்பாலான ஆபரேட்டிங் சிஸ்டம்களில் பழைய பதிப்பே தொடர்ந்தது. ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவின் 'சாண்ட்வோர்ம்' ஹேக்கர்கள் 2019 ஆகஸ்ட் முதலாவது இதைப் பயன்படுத்தி வருவதாக அமெரிக்காவின் என்எஸ்ஏ எச்சரித்தது 2020 மே மாதத்தில். அப்போதும், 'உடனே அப்டேட் செய்யுங்கள்' என்றுதான் அது சொல்ல வேண்டியிருந்தது.