பெரியவர்கள் வந்து போன பின்

இடம்பெயர்ந்த மக்களைப் பார்க்கப் பெரியவர்கள் பலர் வந்து போயிருக்கிறார்கள். மந்திரிமார், தூதுவர்கள், பேராசிரியர்கள், வெளிநாட்டு நிறுவனங்களின் தலைவர்கள் என்று எத்தனையோ பேரை எமது முகாம்களும் மீள்குடியேற்றக் கிராமங்களும் கண்டுவிட்டன. பாடசாலைப் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நிற்பார்கள். பொன்னாடை போர்த்தப்படும். ஒரு வயோதிபத் தாய் தன் கதையைச் சொல்லி அழுவார். அதையும் படம் பிடிப்பார்கள். வாகனங்கள் போய்ப் புழுதி அடங்கிய பின்னர் எமது கையில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு புகைப்படம்தான்.

வருகிறவர்களைக் குறை கூறுவது எனது நோக்கமல்ல. வந்து பார்ப்பது வராமல் இருப்பதிலும் நல்லது. ஆனால் ஒரு பெரிய மனிதரைச் சந்திப்பதால் உண்மையில் என்ன பயன் விளையலாம், அது எப்படி விளைகிறது என்பதை நாம் இருந்து யோசிக்க வேண்டும். இதற்கு உதவியாக, கமத்தோடு தொடர்புடைய ஒரு சந்திப்பின் வரலாற்றை இங்கே தருகிறேன். அது எமது நாட்டில் நடந்ததல்ல. ஆனாலும் அதில் எமக்குப் பாடம் உண்டு.

ஜோர்ஜ் வொஷிங்டன் கார்வர் என்ற கறுப்பின மனிதர், ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 1864 அளவில் அடிமைத் தாய் ஒருவருக்குப் பிறந்தார். குழந்தையாக இருந்தபோது கொள்ளைக் கூட்டமொன்று தாயையும் பிள்ளையையும் கடத்திச் சென்றது. பிள்ளை மட்டும் மீட்கப்பட்டது. தாய்க்கு என்ன நடந்ததென்று கடைசிவரை தெரியவில்லை. நோஞ்சானாக வளர்ந்த அந்தப் பையன் வயல் வேலைக்கு உதவமாட்டான் என்று வீட்டு வேலையில் விடப்பட்டான். கிடைத்த நேரமெல்லாம் செடிகளோடு கழித்தான். அயலவர்கள் தங்கள் வாடிய செடிகளை அவனிடம் கொண்டுவந்து காட்டுமளவுக்கு அவனுக்குக் கைராசி இருந்தது.

படிப்புக்காக அவன் ஊர் ஊராக அலைந்தான். நியோசோ என்ற சிறுபட்டினத்தில் மரையா வொட்கின்ஸ் என்ற கறுப்பினத் தாய் அவனுக்கு இடம் கொடுத்தார். அவர் மருத்துவிச்சி, சலவைத் தொழிலும் செய்தவர். படிக்கக்கூடியதையெல்லாம் படித்து, அதைத் திரும்பவும் உன் சனங்களுக்குக் கொடு என்ற பொருளில் அவர் புத்தி சொன்னதாகக் கூறப்படுகிறது. கன்சாஸ் மாநிலத்தில் ஒரு கல்லூரி, கடிதத்தைப் பார்த்து இடம் தருவதாகச் சொல்லிவிட்டு, நேரில் நிறத்தைக் கண்டதும் 1885இல் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியது. 1891இல் அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் விவசாயக் கல்லூரியில் முதல் கறுப்பின மாணவராகச் சேர்ந்தபோதும், சக மாணவர்களோடு ஒரே மண்டபத்தில் உண்ண அவருக்கு இடமில்லை. கீழறையில் வேலையாட்களோடு உண்ணும்படி விடப்பட்டார். முன்பு அவரை அறிந்திருந்த வெள்ளைப் பெண்மணி ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, வேறு ஊரிலிருந்து வந்து, அவரோடு அந்தக் கீழறையிலேயே அமர்ந்து உணவருந்தினார். அதன் பின்பு நிலைமை மெல்ல மாறியது. பந்தியில் பக்கத்தில் வந்து அமர்வதும் ஓர் உதவிதான் என்பதை முகாம் வாழ்க்கை கண்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நான் சொல்ல வந்த சந்திப்பு இந்தக் கல்லூரியில்தான் நடந்தது. அங்கே படிப்பித்த ஆசிரியர் ஒருவருக்குச் சிறு மகன் இருந்தான். பெயர் ஹென்றி வொலஸ். வயது ஆறு அளவில். கார்வர் செடிகொடி தேடி வெளியே போகும்போது இந்தப் பையனையும் கையில் பிடித்துக்கொண்டு போவார். புல்லின் பூ எப்படி அமைந்திருக்கிறது, ஓர் இனத்தை மற்றதிலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்று பொறுமையாகக் காட்டிக் கொடுப்பார். அதில் விழாவோ மாலையோ இல்லை. கார்வர் அப்போது பெயர் பெற்றவருமல்லர். ஓர் ஏழை மாணவரும் ஒரு சிறுவனும் வரம்போரமாக நடந்தார்கள், அவ்வளவுதான். செடிகளைக் கவனிக்கத் தன்னைப் பழக்கியவர் அவரே என்று வொலஸ் பிற்காலத்தில் நன்றியோடு சொல்லி வந்தார்.

அந்தப் பழக்கம் விரைவில் வேலை செய்யத் தொடங்கியது. அக்காலத்தில் அயோவாவில் சோளன் பொத்திகளுக்கு அழகுப் போட்டி நடக்கும். நிரை நேராகவும் மணி ஒரே அளவாகவும் இருக்கும் பொத்திக்குப் பரிசு கிடைக்கும். அழகான பொத்தியே நல்ல விதை என்று பேராசிரியர்களும் போதித்தார்கள். பதினாறு வயதளவில் இருந்த வொலஸ் இதைக் கேட்டுத் தலையாட்டவில்லை. 1904இல் போட்டிப் பொத்திகளின் மணிகளை வாங்கி, பொத்திக்கு ஒரு நிரையாகத் தானே விதைத்து, விளைவை நிறுத்துப் பார்த்தார். அழகில் முன்னுக்கு நின்ற பொத்தி விளைச்சலில் பின்னுக்கு நின்றது.

இந்த ஒரு சோதனையை எமது பிள்ளைகள் எல்லாரும் அறிந்திருக்க வேண்டுமென்று நான் விரும்புகிறேன். மேடைக்கு அழகானது நிலத்துக்கு நல்லது என்று நம்பிவிடக் கூடாது. இது விதைக்கும் பொருந்தும், மனிதருக்கும் பொருந்தும்.

வொலஸ் 1926இல் கலப்பினச் சோளன் விதை உற்பத்தி செய்யும் நிறுவனமொன்றைத் தொடங்கினார். 1940களின் தொடக்கத்தில் அயோவாவின் சோளன் வயல்கள் ஏறக்குறைய முழுவதும் கலப்பின விதைக்கு மாறிவிட்டன. 1933இல் அவர் விவசாய அமைச்சரானார். 1941இல் உப சனாதிபதியானார். பதவியேற்கும் முன்னர், 1940 இறுதியில், மெக்சிக்கோவுக்குப் போனபோது வழியில் கமக்காரரைக் கண்டு, அவர்களுடைய சோளனைப் பற்றிக் கேட்டறிந்தார். கடும் உழைப்புக்குச் சிறு விளைச்சலே அவர்களுக்குக் கிடைத்தது. திரும்பி வந்து ரொக்பெல்லர் மன்றத்தின் தலைவரோடு பேசினார். 1943இல் அந்த மன்றம் மெக்சிக்கோவில் பயிராராய்ச்சியைத் தொடங்கியது. 1944இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்தான் நோர்மன் போர்லோக். அவர் உருவாக்கிய குட்டைக் கோதுமை இனங்களுக்காக 1970இல் அவருக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதை தமிழ் மண்ணையும் தொடுகிறது. கும்பகோணத்தில் 1925இல் பிறந்து 2023இல் மறைந்த எம்.எஸ். சுவாமிநாதன், 1943இன் வங்காளப் பஞ்சத்தால் மனம் கலங்கி விவசாயப் படிப்புக்குத் திரும்பியவர். இந்தியாவுக்குப் போர்லோக்கை அழைக்க முயன்று அதில் வெற்றி கண்டவரும் அவரே. 1963இல் போர்லோக் வந்து வயல்களைப் பார்த்தார். 1966இல் மெக்சிக்கோவிலிருந்து 18,000 தொன் கோதுமை விதை இந்தியாவுக்கு இறக்குமதியானது. இரண்டு ஆண்டுகளில் வடஇந்தியாவின் கோதுமை விளைச்சல் முன்னொருபோதும் காணாத அளவுக்கு உயர்ந்தது.

ஒரு சிறுவனின் கையைப் பிடித்து நடந்ததிலிருந்து இவ்வளவும் நேராக வந்துவிட்டது என்று சொன்னால் அது மிகையாகிவிடும். இடையில் ஆயிரக்கணக்கானோரின் உழைப்பு இருக்கிறது. வந்ததெல்லாம் நன்மை என்றும் சொல்ல முடியாது. கலப்பின விதையின் விளைவிலிருந்து எடுத்து மீண்டும் விதைத்தால் அதே பலன் வராது. ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்க வேண்டும். புதிய கோதுமைக்கு உரமும் நீரும் அதிகம் தேவைப்பட்டன. பஞ்சாபின் நிலத்தடி நீர் கீழே போனதற்கு அதுவும் ஒரு காரணம். கிணற்றை நம்பித் தோட்டம் செய்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை புரியும். ஆயினும் ஒன்று தெளிவு. தெரிந்தவர் ஒருவர், தெரியாத பிள்ளை ஒன்றோடு நடந்து, பார்க்கப் பழக்கினார். அந்தப் பழக்கம் நெடுந்தூரம் போனது.

கார்வர் அதன் பின் என்ன செய்தார்? 1896இல் பட்டமேற்படிப்பை முடித்ததும், அலபாமா மாநிலத்தில் கறுப்பின மக்களுக்காக நடத்தப்பட்ட ரஸ்கீகி கல்லூரிக்குப் போய், 1943இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். சுற்றியிருந்தவர்கள் பெரும்பாலும் சொந்தக் காணியில்லாத குத்தகைக் கமக்காரர்கள். வருடா வருடம் பருத்தியே போட்டு நிலம் சத்திழந்து கிடந்தது. உரம் வாங்க அவர்களிடம் காசில்லை. எனவே இலைகுழைகளையும் சதுப்பு மண்ணையும் சேர்த்து உக்கவைத்து இடும்படி சொன்னார். நாம் குழை தாழ்ப்பதைப் போன்ற வேலைதான் அது. பருத்தியோடு மாற்றி மாற்றிக் கௌப்பி, கச்சான், வத்தாளங்கிழங்கு ஆகியவற்றைப் பயிரிடச் சொன்னார். விளைந்ததை வீட்டில் எப்படிச் சமைப்பது என்றும் எழுதிக் கொடுத்தார். 1916இல் வெளிவந்த அவரது சிறு பிரசுரமொன்று கச்சானைச் சமைக்க 105 வழிகளைச் சொல்கிறது. கச்சான் பட்டரைக் கண்டுபிடித்தவர் அவர் என்று சிலர் கூறுவது மட்டும் சரியல்ல.

கல்லூரிக்கு வர வசதியில்லாதவர்களிடம் கல்லூரியே போகட்டும் என்று, 1906இல் ஒரு வண்டியைத் தயாரித்தார்கள். கலப்பை, பால் கடையும் கருவி முதலிய சாமான்களோடு அது ஊர் ஊராகப் போனது. ஒருவருடைய காணியில் நிறுத்தி, அயலவர்களைக் கூட்டி, அந்த மண்ணிலேயே செய்து காட்டினார்கள்.

பிற்காலத்தில் கார்வருக்குப் பெரும் புகழ் வந்தது. மோட்டார் உற்பத்தியாளர் ஹென்றி போர்ட் நண்பரானார். 1939இல் சனாதிபதி ரூஸ்வெல்ட் ரஸ்கீகிக்கு வந்து அவரோடு கைகுலுக்கினார். அப்படங்கள் புத்தகங்களில் இருக்கின்றன. ஆனால் அவர் சந்தித்த மனிதர்களுள் யாரால் உலகத்துக் கமக்காரருக்கு அதிகம் விளைந்தது என்று கேட்டால், நான் அந்த ஆறு வயதுப் பையனையே சொல்வேன்.

இதிலிருந்து எமக்கு இரண்டு காரியங்கள் உண்டு.

முதலாவது, பெரியவர்கள் வரும்போது நாம் நடந்துகொள்ளும் முறை. வரவேற்புரைக்கு அரைமணி, நன்றியுரைக்குக் கால்மணி என்று நேரத்தை முடித்துவிட வேண்டாம். வருகிறவர் மண் தெரிந்தவரென்றால் அவரைக் கிணற்றடிக்கும் வயல் வரம்புக்கும் கூட்டிச் செல்லுங்கள். நோய் பிடித்த செடியை வேரோடு பிடுங்கிக் கையில் கொடுத்துக் கேளுங்கள். அதிகாரம் உள்ளவரென்றால் காணி, உறுதி, குளத்து அணை, விதைநெல் ஆகியவற்றில் ஒரே ஒரு விடயத்தை முன்கூட்டியே சங்கத்தில் பேசி முடிவெடுத்து, எழுத்தில் கொடுங்கள். பத்துக் கோரிக்கை கொடுத்தால் பத்தும் பையிலே போய்விடும். பேசுவதற்குக் கமம் செய்கிற ஒருவரை, விசேடமாகக் குடும்பத் தலைமை தாங்கும் பெண் ஒருவரை முன்னே விடுங்கள். மெக்சிக்கோவில் வொலஸ் கேட்டறிந்தது கமக்காரரிடம்தான். எமக்கும் சொல்ல விடயம் உண்டு. கை நீட்டுவதற்கு மட்டும் பிறந்தவர்களல்ல நாம்.

இரண்டாவது காரியம் இதிலும் அவசரமானது. 1990இல் வலிகாமம் வடக்கைவிட்டுப் பத்து வயதில் வெளியேறிய பிள்ளை இன்று நாற்பதைத் தாண்டிவிட்டது. அந்தப் பிள்ளைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். செம்மண்ணையும் கலட்டியையும் காலால் மிதித்தே வேறுபாடு சொல்லக்கூடிய பாட்டன்மார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எந்தத் துண்டில் மாரித் தண்ணீர் தேங்கும், மொட்டைக்கறுப்பன் எந்த வயலுக்கு ஏற்றது, விதை வெங்காயத்தை எப்படிக் கட்டித் தூக்குவது என்பவை எந்தக் கந்தோரிலும் பதிவில் இல்லை. காணி ஒருநாள் விடுபடலாம். பற்றையை வெட்டி எல்லையும் பிடித்துவிடலாம். அந்தக் காணியோடு பேசத் தெரிந்த ஆள் இல்லாமல் போனால், கிடைத்த நிலம் விற்கிற நிலமாகத்தான் முடியும்.

ஆகவே, ஆச்சி அப்புமாரே, உங்களைப் பெரிய மனிதர்களாக யாரும் அழைக்காவிட்டாலும், உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு நீங்கள்தான் கார்வர். சொந்தக் காணி கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். இரவல் வளவாக இருந்தாலும், வீதியோரமாக இருந்தாலும், ஞாயிறு பின்னேரத்தில் ஒரு மணி நேரம் பிள்ளையின் கையைப் பிடித்து நடவுங்கள். இது என்ன புல், இந்தப் பூச்சி ஏன் வருகிறது, இந்த இலை ஏன் மஞ்சளித்தது என்று கேளுங்கள், காட்டுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளை ஒரு கொப்பியில் அதை எழுதி வைக்கட்டும். தாய்மாரே, படிப்புக்குக் குழப்பம் என்று அதைத் தடுக்க வேண்டாம், அதுவும் படிப்புத்தான்.

அடுத்த தடவை ஒரு பிரமுகர் வரும்போது, பொன்னாடையோடு நிற்கும் பிள்ளைகளுள் ஒன்றாவது அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், இது எங்கள் அப்பு காட்டித் தந்த பயிர் என்று சொல்லட்டும்.