விதைக்குள் இருக்கும் எழுத்து

தேவதானம் போன்ற மலையடிவாரக் கிராமங்களில், அறுத்த நெல்லிலிருந்தே அடுத்த போகத்துக்கு விதை எடுத்து வைப்பது வழிவழி வந்த பழக்கம். அதே பழக்கத்தில் வீரிய ஒட்டுப் பருத்திக் கொட்டையையும் எடுத்து வைத்து மறு வருஷம் விதைத்தால் நஷ்டம்தான் மிஞ்சும். காரணம் விதைக்குள்ளேயே இருக்கிறது.

ஒவ்வொரு உயிரணுவிலும் டி.என்.ஏ. என்ற பொருள் உண்டு. இரு புரி முறுக்கிய கயிறு போன்ற அதன் அமைப்பை வாட்சனும் கிரிக்கும் 1953-ல் வெளியிட்டார்கள். புரிகளுக்கு நடுவே ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துக்கள் ஜோடி சேர்ந்து நிற்கின்றன. ஏ-க்கு எதிரே டி; ஜி-க்கு எதிரே சி. புரிகள் பிரிந்தாலும் ஒவ்வொன்றையும் அச்சாகக் கொண்டு அதன் ஜோடி மறுபடி உருவாகிவிடும். குணம் தலைமுறைக்குத் தலைமுறை இறங்குவது இப்படித்தான்.

நெல்லில் சுமார் 39 கோடி எழுத்துக்கள் உள்ளன. அவற்றில் ஒரே மரபணுவில் சுமார் 380 எழுத்துக்கள் விடுபட்டதால், தாளை நீட்டும் ஜிப்ரலின் குறைந்து தைவானின் ஒரு நெல் ரகம் குட்டையானது. அந்தக் குணத்தைச் சேர்த்து 1966-ல் வந்ததே ஐ.ஆர்.8. தழைச்சத்து கூடுதலாக இட்டாலும் அது சாயாமல் நின்றது.

நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுகிறது. நிலைத்த ரகத்தில் தாய் வழி, தந்தை வழி எழுத்துக்கள் ஒன்றாகவே இருப்பதால் விதை மாறுவதில்லை. வீரிய ஒட்டில் இரண்டும் வேறு. முதல் தலைமுறை ஒரே சீராக விளையும். அடுத்ததில் குலுக்கிய சீட்டுக்கட்டைப் போல் குணங்கள் பிரியும். ஒரு செடி உயரும், ஒன்று குட்டையாகும், காய் வெடிப்பதும் ஒரே சமயத்தில் நடக்காது.

வீரிய ஒட்டு கூடாது என்பதல்ல. ஆனால் அதை நம்பும் சிறு விவசாயி ஆண்டுதோறும் விதைக்குக் காசு தேட வேண்டும். சொந்த விதையை வைத்துக்கொள்ளும் உரிமையை 2001-ம் வருஷத்துச் சட்டம் தந்திருக்கிறது. ஒட்டு விதையில் அந்த உரிமை காகிதத்தோடு நின்றுவிடுகிறது. நிலைத்த ரகம் கையில் இருந்தால்தான் அதற்குப் பயன் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய எஸ்.வி.பி.ஆர். ரகங்கள் அப்படிப்பட்டவை. அவற்றின் விதை விதைப்புக்கு முன்பே கிராமங்களுக்குத் தாராளமாக வந்து சேர அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

விவசாயிகளும் விதைக்கென ஒரு பாத்தியை ஒதுக்கி, கலவன் செடிகளைப் பிடுங்கி, நெல்லை 13 சதவீத ஈரத்துக்குக் காயவைத்துச் சேமிக்க வேண்டும். பருத்தியில் தேனீ மகரந்தத்தைக் கொண்டுபோகும். எனவே விதைப் பருத்தி மற்றப் பருத்தி வயல்களுக்கு எட்டியே இருக்கட்டும்.