சமையல் தீ வழக்கில் இன்ஜினீயர் எப்படி வந்தார்?

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று நடந்த பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவியதுதான் காரணம். வழக்கு பத்து வருடம் நடந்தது. 2014 ஜூலை 30-ல் தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. பள்ளி நிறுவனர், கல்வித் துறை அலுவலர்களோடு ஒரு பொறியாளரும் அந்தப் பட்டியலில் இருந்தார். (மேல்முறையீட்டில், 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் பலரை விடுவித்தது, நிறுவனரின் தண்டனையையும் குறைத்தது.)

கட்டடம் இடியவே இல்லையே, இன்ஜினீயர் எங்கே வந்தார்? தனியார் பள்ளி அங்கீகாரம் வாங்க கட்டட உறுதிச் சான்றிதழ் வேண்டும். அதில் கையெழுத்துப் போடுவது பொறியாளர். கூரையையும் படிக்கட்டையும் நேரில் பார்த்துப் போட்டாரா, ஆபீஸில் உட்கார்ந்தே போட்டாரா என்பது எந்தச் சான்றிதழிலும் தெரியாது.

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் சுமார் 40 கி.மீ.தான். ஆனால் கட்டுமானப் படிப்பில் எதிக்ஸ் வகுப்பு என்றாலே பெரும்பாலும் சேலஞ்சர் விண்கலம், போபால் என்றுதான் போகிறது. அண்ணா பல்கலையின் 2021 பாடத்திட்டத்தில் அறநெறிப் பாடம் வருவதே ஏழாவது செமஸ்டரில். பிளேஸ்மென்ட் பரபரப்பில் அதை யார் கவனிப்பது?

சைட்டுக்குப் போனதும் கைக்கு வருவது கான்கிரீட் கியூப் ரிஜிஸ்டர். தூணுக்கு ஊற்றும் அதே கலவையில் கியூப் எடுத்து, 28 நாள் கழித்து நசுக்கிப் பார்க்கணும். எம்20 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்கணும். கியூபுக்கு மட்டும் சிமென்ட் கூட்டிப் போட்டால் ரிசல்ட் பாஸ். தூண் எப்படி இருக்கிறது என்று ரிஜிஸ்டர் சொல்லாது. "எல்லா சைட்லயும் இப்படித்தான் தம்பி, கையெழுத்துப் போடு" என்று சீனியர் சொன்னால், 22 வயதுக்காரர் என்ன செய்வார்?

கும்பகோணம் தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்புதான், 2014 ஜூன் 28-ல், சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள்.

மறுப்பவருக்குச் சட்டத்தின் துணையும் குறைவு. ஆர்க்கிடெக்ட்டுகளுக்கு 1972 சட்டப்படி கவுன்சில் உண்டு; தவறு செய்தால் பதிவையே நீக்கலாம். பொறியாளர்களுக்கு நாடு முழுக்கப் பொருந்தும் அப்படியொரு சட்டம் கிடையாது. அதனால் ஒருவர் மறுத்தால், அதே தாள் அடுத்தவரிடம் போகும்.

ஆகவே வகுப்பில் பழக வேண்டியது ரொம்பச் சாதாரண விஷயங்கள்தான்: சந்தேகத்தை யாருக்கு எழுதுவது, தேதியோடு எப்படிப் பதிவது, பார்க்காத இடத்தை 'பார்க்கவில்லை' என்று சான்றிதழிலேயே எப்படிக் குறிப்பது. பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றுக்கு மாணவர்களைக் கூட்டிப்போய், படிக்கட்டின் அகலத்தை டேப் வைத்து அளக்கச் சொல்லியே இதைத் தொடங்கலாம்.