சுவரும் வேணும், சுவர் கட்டுற ஆளும் வேணும்!



2024 டிசம்பர் மழையை நாம் மறந்திருக்க மாட்டோம். குற்றாலம் மெயினருவியில் பாதுகாப்பு வளைவையும் தாண்டி வெள்ளம் கொட்டியது. சிற்றாறு கரை கொள்ளாமல் ஓடியது. மலையிலிருந்து இறங்குற தண்ணியின் வேகம் நமக்குப் புதுசில்லை. ஆற்றோரத்திலும் கால்வாய்க் கரையிலும் குளத்து மறுகாலிலும் தடுப்புச் சுவர் இல்லாவிட்டால் நம் வயல் நிலைக்காது. அதனால்தான் சரிந்த சுவரை எடுத்துக் கட்டச் சொல்லி மனு மேல் மனு கொடுக்கிறோம். அந்தக் கோரிக்கையில் ஒரு அடியும் பின்வாங்க மாட்டோம்.

ஆனால் ஒரு கேள்வி. சுவர் கட்ட வெட்டுகிற பள்ளத்துக்குள்ளே இறங்குவது யார்? அதிகாரியா? காண்டிராக்டரா? நம்ம வீட்டுப் பொம்பளைகளும் நம்ம ஊர்க் கூலிக்காரனும்தானே!

2024 பிப்ரவரி 7 அன்று ஊட்டி பக்கம் லவ்டேலில் தடுப்புச் சுவருக்காக மண் தோண்டினார்கள். மேலே இருந்த பழைய கழிப்பறைக் கட்டடம் மண்ணோடு சரிந்து விழுந்தது. ஆறு பெண் தொழிலாளிகள் செத்துப் போனார்கள். அது மழைக்காலம்கூட இல்லை!

ஊட்டிக்கு ஏன் போகணும்? எங்க ஊர்க் கால்வாய்ச் சுவர் வேலையில் பொக்லைனை வைத்துக் கரையின் அடியைக் குடைந்தார்கள். எல்லோரும் டீ குடிக்க ஏறின நேரத்தில் கரை பொலபொலவென்று விழுந்தது. அன்றைக்கு நம்மைக் காப்பாற்றியது விதிமுறை அல்ல, டீ!

மண் ஏன் சரிகிறது? இத்தனை வருஷம் பழைய சுவர்தான் கரையைத் தாங்கி நின்றது. அதைப் பிரித்ததும் கரைக்குப் பிடிமானம் போச்சு. காய்ந்த மண் செங்குத்தா நிற்கிற மாதிரிதான் தெரியும். தண்ணி ஊறினால் கனம் கூடும், பிடிப்பு விட்டுப் போகும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். நெஞ்சு வரை மூடினாலே மூச்சு விட முடியாது.

இதற்கெல்லாம் விதி இருக்கு. மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதியே சொல்கிறது:

* மேலிருந்து கீழாகத்தான் வெட்டணும். அடியைக் குடையவே கூடாது.
* பள்ளம் ஒன்றரை மீட்டரை, அதாவது ஐந்து அடியைத் தாண்டினால், சரிவாகவோ படிப்படியாகவோ வெட்டணும். இல்லையென்றால் பலகை அடித்து முட்டுக் கொடுக்கணும்.
* வெட்டிய மண்ணை விளிம்பில் குவிக்கக் கூடாது. ஒன்றரை மீட்டர், அல்லது பள்ளத்தின் பாதி ஆழம், இதில் எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்டணும்.
* ஏறி இறங்க ஏணி வைக்கணும்.

அனுபவத்தில் நாம் சேர்க்க வேண்டியதும் உண்டு. பழைய சுவரை ஒரே நாளில் முழுசா இடிக்காமல், துண்டு துண்டாய்ப் பிரித்துக் கட்டணும். பொக்லைனும் லாரியும் விளிம்புக்கு வரக் கூடாது. காலையில் இறங்கும் முன்னே கரை மேல் நடந்து பாருங்கள். விளிம்புக்கு இணையாக வெடிப்பு ஓடினால், புதுசாய்த் தண்ணி கசிந்தால், இறங்காதீர்கள்!

புதுச் சுவரில் தண்ணி வடிய ஓட்டை விடணும். பின்னால் சல்லி போட்டு, மண்ணை அரையடி, முக்காலடியாய் நிரப்பித் திமிசுக்கட்டையால் இடிக்கணும். மொத்தமாய்க் கொட்டி மூடினால், தேங்கிய தண்ணியே சுவரைத் தள்ளிவிடும். மறுபடி மனு, மறுபடி பள்ளம்!

நம் கோரிக்கைகள்:

1. பிசானம் அறுத்து, கார் சாகுபடிக்குத் தண்ணி வரும் முன்னே, பங்குனி சித்திரையில் வேலையை முடி! சாரல் விழுந்த பிறகு கரையை வெட்டாதே!
2. முட்டுப் பலகைக்கும் ஏணிக்கும் எஸ்டிமேட்டிலேயே பணம் ஒதுக்கு!
3. பாதுகாப்பு விதியைத் தமிழில் எழுதி வேலை நடக்கும் இடத்தில் போர்டு வை!
4. ஆபத்து என்று ஏறி வந்தவருக்குக் கூலியைப் பிடிக்காதே!

இதை ஊர்க்கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். எழுத்துத் தெரியாத சகோதரிக்கு ஒருமுறை விளக்கிச் சொல்லுங்கள். ஒரு வயல் போனால் அடுத்த பூவில் விளைவிக்கலாம். ஆள் போனால் எந்த நஷ்ட ஈட்டில் திரும்பி வருவார்?

சுவர் கேட்போம்! உயிரைக் கொடுக்க மாட்டோம்!